வட்ஸ்அப்பா, டெலிகிராமா? நம்ம மலையகத்து போனுக்கு எது தோது

இரண்டும் இலவசம்தான், காசு போவது டேட்டாவுக்கு. கொழும்பில் வேலை செய்கிற தம்பி, குவைத்தில் இருக்கிற அக்கா, ஹட்டன் கடைக்கார அண்ணன் என்று எல்லாரும் ஏற்கனவே வட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், அதனால் பேசுவதற்கு வேறொன்றைத் தேடுவது வீண் வேலை. 2016 முதல் அதில் போகிற மெசேஜை நடுவில் யாரும் வாசிக்க முடியாது. டெலிகிராம்தான் ரகசியம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. அங்கே சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் அந்தப் பூட்டு, குரூப்புக்கு அதுவும் கிடையாது.

ஆனால் டியூசன் நோட்ஸ், ஓ/எல் பாஸ்ட் பேப்பர் என்று வந்தால் நான் டெலிகிராம் பக்கம். பைல்கள் அவர்களுடைய சேர்வரில் கிடக்கும், போனில் இடம் நிறைந்தால் அழித்துவிட்டு வேண்டும்போது திரும்ப இறக்கலாம், சனலில் புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கும் பழையதெல்லாம் தெரியும். வட்ஸ்அப்பில் அழித்தால் பெரும்பாலும் அனுப்பினவரிடமே மறுபடி கேட்க வேண்டும்.

மழை நாளில் லயத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினால் எதிலும் வீடியோ கோல் சரிவராது, வொய்ஸ் அனுப்புங்கள். அப்புறம், எதை வைத்திருந்தாலும் ஓட்டோ டவுன்லோடை முதலில் நிறுத்துங்கள், குட் மோர்னிங் படங்களே டேட்டாவைத் தின்றுவிடும்.