பழைய பிளாப்பியை மீட்கக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஊர்க் கதையையும் குடும்ப வழியையும் அப்பா கையால் எழுதி, 1998-இல் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கினார். அத்தியாயத்துக்கு ஒன்றாக 11 பிளாப்பி (ஃபைல்களைச் சேமிக்க அந்தக் காலத்தில் கணினியில் போட்ட சதுரத் தட்டு). கையெழுத்துப் பிரதியும் அச்செடுத்த தாள்களும் கரையானுக்குப் போய்விட்டன. அப்பாவும் இப்போது இல்லை. மிஞ்சியது அந்த பிளாப்பிகள் மட்டும்தான்.

போன மாதம் அவற்றை ஒரு டேட்டா ரெகவரி கடையில் கொடுத்தேன். ஒன்றுக்கு 500 ரூபாய், மொத்தப் பணமும் முன்கூட்டியே. நான்கு நாள் கழித்து பென் டிரைவ் வந்தது. வேர்டில் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாக இருந்தது. “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு மேடம், லேபுக்கு அனுப்பணும், இன்னும் 8,000 ஆகும்” என்றார் கடைக்காரர். அப்பாவின் எழுத்தாயிற்றே என்று அதையும் கட்டினேன். பத்து நாள் கழித்து வந்ததும் அதே குப்பைதான். “இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது” என்று முடித்துவிட்டார்.

பழைய டிடிபி வேலை தெரிந்த ஓர் அக்காவிடம் ஆற்றாமையோடு காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். “இது பாமினிம்மா, ஒண்ணும் கெடல” என்றார். எல்லாக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். அக்கா ஃபான்டை ஏற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மாற்றினார். அப்பாவின் முதல் வரி அப்படியே வந்து நின்றது. அழுதுவிட்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஃபான்டுக்கா 8,000 ரூபாய்?

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்பதாவது பிளாப்பி. பென் டிரைவில் அதன் ஃபோல்டர் காலி. பிளாப்பியின் மூலையில் சின்னதாக ஒரு தள்ளு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால், அதில் யாரும் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. அப்பா பதினொன்றையும் அப்படித்தான் வைத்திருந்தார்; கொடுப்பதற்கு முன் நான் எடுத்த போட்டோவிலும் தெரிகிறது. திரும்பி வந்ததில் ஒன்பதாவதின் ஓட்டை மட்டும் மூடியிருந்தது. படிக்க முடியாத பிளாப்பியைப் போட்டால் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்கும். ஓட்டை திறந்திருந்தால் ஃபார்மேட் ஆகாது. அப்படியென்றால் யாரோ பொத்தானைத் தள்ளிவிட்டு ‘சரி’ கொடுத்திருக்கிறார்கள். பிளாப்பியை முழு ஃபார்மேட் செய்தால் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். மீளாது. நேரில் போய்க் கேட்டதற்கு, “வரும்போதே காலிதான்” என்றார்கள்.

உங்கள் வீட்டிலும் பிளாப்பி இருந்தால் முதலில் உலோக மூடியை மெல்ல நகர்த்திப் பாருங்கள். உள்ளே தெரியும் பழுப்புப் படலத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. எந்த டிரைவிலும் போடாதீர்கள். அந்த அழுக்கு, டிரைவில் பதிவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் பிளாப்பியையும் கீறிவிடும். படலம் சுத்தமாக இருந்தால் யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி நீங்களே முயலலாம். கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், ஃபைல்களைத் திறக்கும் முன் முழு பிளாப்பியையும் இமேஜாக, அதாவது உள்ளதை உள்ளபடியே ஒரே ஃபைலாக, நகல் எடுப்பார்களா என்று கேளுங்கள். 1.44 எம்பிதான், போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுகூட வராது. அதற்கே தயங்கினால் பிளாப்பியைக் கையோடு திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தமிழ் ஃபைல் ‘கரப்ட்’ என்றால் பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற பழைய தமிழ் ஃபான்டுகளில் மாற்றிப் பார்க்காமல் இரண்டாவது தவணை கட்டாதீர்கள்.

ஒன்பதாவதின் லேபிளில் அப்பா கையெழுத்தில் ‘அம்மா வழி’ என்று இருக்கிறது. அத்தைக்கு இப்போது 84 வயது. தினமும் சாயங்காலம் போன் போட்டு, அவர் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.