ஃப்ளின்ட்லாக் துளை: மேலே கீழே ஒரு சண்டை, முன்னே பின்னே ஒரு சண்டை

என் மனைவியின் தம்பி பென்சில்வேனியாவில் இருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கொல்லர்கள் நீளத் துப்பாக்கி செய்த லான்காஸ்டர் பக்கம். அந்தக் காற்று பட்டதோ என்னவோ, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய மாதிரி ஃப்ளின்ட்லாக் துப்பாக்கி ஒன்றைக் கிட்டாக, அதாவது உதிரி உதிரியாக, வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் ஓடுகிறது, டச் ஹோல், அதாவது குழலுக்குள் தீ போகிற பக்கவாட்டுத் துளை, எங்கே போடுவது என்பதில் மட்டும் நின்றுவிட்டான். லீவில் சேலம் வந்தவன் ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வேறு பேச்சே பேசவில்லை. "மாமா, லேத் வச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் துப்பாக்கி செய்தவன் இல்லை. இங்கே லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி களி தின்ன வேண்டியதுதான். ஆனால் துளை போடுவது என் பிழைப்பு. அதனால் பட்டறையில் ஒரு அலுமினியத் துண்டைப் பாதியாகப் பிளந்து, குழலின் வெட்டுத்தோற்றம் மாதிரி கடைந்து, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, மருந்துக்குப் பதில் ரவை போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரி ரவை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது தனிக்கதை.

முதலில் மேலே கீழே சண்டை. சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி கிண்ணத்தில் விழும், அங்கே இருக்கிற பொடி மருந்து குப்பென்று எரியும், அந்தச் சுவாலை குழலின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில் இருந்தால் பொடி மருந்து அதை மூடிவிடுகிறது. பண்டிகை வேட்டுக்கு மருந்தைக் கோடாகத் தூவிப் பற்றவைத்துவிட்டு ஆள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே அந்தத் தாமதம் உயிரைக் காப்பாற்றும். துப்பாக்கியில் அதே திரி வேலை நடந்தால் 'ஸ்ஸ்' என்று இழுத்துவிட்டு அப்புறம் வெடிக்கும், அதற்குள் கை ஆடிவிடும். அதனால்தான் துளையின் மையம் கிண்ணத்தின் மேல் விளிம்புக்கு நேராக, பாதிச் சூரியன் மறைந்த மாதிரி தெரிய வேண்டும் என்று அங்கே பழைய கைகள் சொல்வார்களாம். இன்னும் மேலே போட்டால் பொடி மூடாது, சுவாலையும் மேல்நோக்கித்தானே போகிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

எங்கள் ரவைச் சோதனையில் அடிமட்டத் துளை உடனே மூடிக்கொண்டது உண்மைதான். ஆனால் ரவையைக் குறைத்துப் போட்டால் மூடவில்லை. இதற்குப் போய் இவ்வளவு சண்டையா என்று அங்கேயே தோன்றிவிட்டது. மச்சான் பழகுகிற இடத்தில் கீழ்த்துளைத் துப்பாக்கிகளும் ஒழுங்காகத்தான் வெடிக்கின்றனவாம், வைத்திருக்கிறவர்கள் கிண்ணத்தை நிரப்பாமல் கொஞ்சமாகப் போட்டுப் பழகிவிட்டார்கள். என் ஓட்டு பாதிச் சூரியனுக்கு. அதற்கு இன்னொரு காரணம், எண்கோணக் குழலில் பக்கத்துப் பட்டையின் நடுக்கோட்டில் துளைத்தால்தான் உள்துளையின் நடுவுக்கு நேராகப் போகும். லாக்கை, அதாவது கல்லும் தகடும் கிண்ணமும் சேர்ந்த பொறியை, மரத்தில் பதிக்கும்போதே கிண்ணத்தின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு வருமாறு பதித்துவிட்டால் உயரம் தானாக முடிவாகிவிடும்.

முன்னே பின்னே விஷயம் அப்படி இல்லை. குழலின் பின்பக்கத்தை ஒரு மரை அடைப்பு மூடுகிறது, மச்சானுடையது ஐந்து நூல் நீளம் (நம் பட்டறைக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல்). துளை அந்த அடைப்பின் முகத்துக்குச் சற்றே முன்னால், ஒரு நூலுக்குள், திறந்த மருந்தறைக்குள் விழ வேண்டும். லாக்கைப் பின்னால் தள்ளிப் பதித்துவிட்டு, கிண்ணத்துக்கு நேராகத் துளைத்தால் டிரில் அடைப்பின் மரைக்குள் போய் நிற்கும். அப்போது அடைப்பின் முகத்தில் ஒரு வாய்க்கால் அரம் போட்டுத்தான் மருந்துக்கு வழி விட முடியும். அப்படிச் செய்த துப்பாக்கிகள் உண்டு, சுடவும் செய்கின்றன. ஆனால் கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கிற சாமான், அந்த வாய்க்காலிலும் மரையிலும் உட்கார்ந்துகொண்டால் துடைக்கும் துணி அங்கே போகாது, துரு பிடிக்கும். இதைத் தவிர்க்கச் சாய்வாகத் துளைப்பது அதைவிட மோசம். துளை நீண்டுவிடும், குத்தி அடைப்பெடுக்கும் கம்பி நேராகப் போகாது. ரொம்ப முன்னால் போடுவதும் சரியில்லை, துளைக்குப் பின்னால் ஒரு மூலை உண்டாகிக் கரி தங்கும், லாக்கும் முன்னால் நகர்ந்து மரத்தின் அழகு கெடும்.

மேலே கீழே தப்பினால் பழக்கத்தில் சரிக்கட்டலாம். பின்னால் தப்பினால் அரம்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் வெறும் துளையா, லைனரா? வெறும் துளை என்றால் அரை நூல் பிட், முடிந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகள் பலதும் அப்படித்தான், சங்ககிரிக் கோட்டைக் காலத்து ஆட்கள் லைனரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அவன் குழல் வெளியே 7/8 அங்குலம், உள்ளே அரை அங்குலம், ஆகச் சுவர் ஒன்றரை நூல் கனம். அவ்வளவு நீளச் சந்து வழியாகச் சுவாலை போக வேண்டும். லைனர் என்பது நம்மூர் பாஷையில் மரை போட்ட புஷ். உட்பக்கம் புனல் மாதிரி கடைந்திருப்பதால் பெரிய மருந்தே துளையின் வாசல் வரை வந்து உட்கார்ந்துகொள்ளும், சந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடும். துளை தேய்ந்து பெரிதானாலும் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். லண்டன் கொல்லர்கள் ஒரு காலத்தில் இதைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் போட்டார்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

லைனரில் ஒரு சிக்கல். பக்கத்துப் பட்டையின் அகலம் மூன்று நூலுக்குக் கொஞ்சம் குறைவு. கால் அங்குல லைனர் நடுவில் உட்கார்ந்தால் இருபக்கமும் அரை நூல்கூட மிஞ்சாது. நடுக்கோடு தவறினால் மூலையை வெட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். முதல் தடவை செய்கிறவன் லைனர் போடட்டும், ஆனால் லாக் மரத்தில் உட்கார்ந்த பிறகு, கடைசியாகத் துளைக்கட்டும் என்றேன். வெடிக்கும்போது அந்தத் துளையிலிருந்து பக்கவாட்டில் தீ பீய்ச்சும், வலது பக்கம் ஆளை நிற்கவிடாதே என்றும் சொன்னேன். அது அவனுக்கே தெரிந்திருந்தது.

போன வாரம் வீடியோ காலில் காட்டினான். அடைப்பைக் கழற்றி முகத்தின் ஆழத்தை அளந்து, வெளியே பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் சென்டர் பஞ்ச் குத்தியிருந்தான். கிண்ணத்தின் நடுவுக்கு அரை நூல் தள்ளித்தான் விழுந்திருந்தது. "விடுடா, கிண்ணம் அகலம்தானே" என்றேன். அலுமினியத் துண்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது, துளையில் மாட்டிய ரவைக்கு எறும்பு வரிசை கட்டுகிறது.