ஹெடர் பென்டிரைவில், தரவு மடிக்கணினியில்: மூன்று வருடப் பாடு

பினாங்கில் வீடு குளுகோரில், வேலை ஜோர்ஜ்டவுனில். சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறேன். ஊரார் வரிக்கணக்கெல்லாம் என் மடிக்கணினியில்தான் கிடக்கிறது, அந்த மடிக்கணினி தினமும் மோட்டார் சைக்கிளில் முதுகில் போய்வருகிறது. ஒருநாள் பை பறிபோனால் என்ன ஆகும் என்ற யோசனையில்தான் ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை, வட்டைப் பூட்டி வைக்கும் லக்ஸ் குறியாக்கத்தோடு போட்டேன். போடும்போதே கொஞ்சம் ஆசை மிஞ்சிப்போய், ஹெடரையும், அதாவது அந்தப் பூட்டின் விவரமெல்லாம் இருக்கும் தலைப்பகுதியையும், தனியாகப் பிரித்து வைத்தேன்.

லக்ஸ் போட்ட சாதாரண பகிர்வை, அதாவது வட்டின் ஒரு துண்டை, திறந்து பார்த்தால் முதல் பைட்டிலேயே 'லக்ஸ்' என்ற நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். கடவுச்சொல்லால் பூட்டிய மூலச் சாவி அந்த ஹெடருக்குள்தான். லக்ஸ் 2-இல் வழக்கமான அளவு 16 எம்பி. அதைப் பென்டிரைவுக்குக் கொண்டுபோய்விட்டால் வட்டில் மிஞ்சுவது வெறும் குப்பை எண்கள். திருடியவன் என் கடவுச்சொல்லையே தெரிந்து வைத்திருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்க இடமில்லை. பென்டிரைவையும் மடிக்கணினியையும் ஒரே பையில் போட்டால் இத்தனையும் வீண், அதனால் அது என் மோட்டார் சாவிக்கொத்தில் தொங்குகிறது. லினக்ஸின் மையமான கர்னல், அதைத் துவக்கிவிடும் பூட் லோடர், ஹெடர் மூன்றும் அதில்தான்.

முதல் வாரமே பூட் ஆகவில்லை. கடவுச்சொல்லைக்கூடக் கேட்காமல், ஏதோ ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு அவசரநிலை ஷெல்லில், அதாவது வெறும் கட்டளைத் திரையில், போய் உட்கார்ந்தது. காரணம் அற்பம். எந்தப் பகிர்வைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில், பழக்க தோஷத்தில் யூயூஐடி என்ற அடையாள எண்ணை எழுதியிருந்தேன். அந்த யூயூஐடி குடியிருப்பதே ஹெடரில்தான்! ஹெடர் போன பிறகு பகிர்வுக்கு அப்படியொரு அடையாளம் ஏது? வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கோப்பு முறைமையும் காட்டும்படி ஓட்டினால் அந்த வரி வெறுமையாக நிற்கும். பகிர்வு அட்டவணை தரும் பார்ட்யூயூஐடியை எழுதினேன், திறந்தது.

இரண்டாவது தடவை பூட் ஆனது, ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை. முந்தின இரவு பென்டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, ஆர்ச்சின் மென்பொருள் நிறுவியான பேக்மேனில் முழுப் புதுப்பிப்பு ஓட்டியிருந்தேன். கர்னல் போய் அமரும் பூட் அடைவில் எதுவும் மவுண்ட் ஆகவில்லை, அதாவது இணைக்கப்படவில்லை என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. புதுக் கர்னல் வட்டில் இருந்த வெற்று அடைவுக்குள் போய் விழுந்தது, பழைய கர்னலின் மாட்யூல்கள், அதாவது வைஃபை, ஒலி போன்றவற்றை இயக்கும் துணுக்குகள், அழிந்தன. காலையில் பென்டிரைவிலிருந்து எழுந்தது பழைய கர்னல். அதற்கு வேண்டிய வைஃபை மாட்யூல் வட்டில் எங்குமில்லை. இந்த மாதிரி நேரத்தில் பலருக்கு, பென்டிரைவின் கோப்பு முறைமையான 'விஃபேட் தெரியாது' என்று சொல்லிப் பூட் அடைவே மவுண்ட் ஆகாமல் நின்றுவிடும். எனக்கு ஹெடரைப் படிப்பதற்காக அந்த மாட்யூல், கர்னலோடு முதலில் ஏறும் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே ஏறிவிட்டதால் தப்பித்தேன். பென்டிரைவை மவுண்ட் செய்து, பேக்மேன் கேஷில் கிடந்த கர்னல் பொதியையே மறுபடி நிறுவினேன். அன்றைக்கே ஒரு பேக்மேன் ஹூக்கும் எழுதி வைத்தேன்: பூட் அடைவு மவுண்ட் ஆகாவிட்டால் புதுப்பிப்பு தொடங்கும் முன்பே நின்றுவிடும். நான்கைந்து வரிதான். அதற்குப் பிறகு எத்தனை முறை என்னைத் தடுத்தது என்று எண்ணவில்லை, வெட்கமாக இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய கதை. தைப்பூசத்துக்கு முதல் நாள் பென்டிரைவ் செத்தது. செருகினால் விளக்குகூட எரியவில்லை. வீட்டில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், நான் சாப்பாட்டு மேசையில் ஆர்ச் நிறுவல் பென்டிரைவோடு உட்கார்ந்திருக்கிறேன். உதவிக்கு மச்சான் வந்தான். அவன் கையில் வேறொரு லினக்ஸின் நிறுவல் பென்டிரைவ். எனக்கு முன்னால் அதைச் செருகிப் பகிர்வுப் பட்டியலைத் திறந்தவன் சொன்னான்: "மச்சான், இதுல ஒண்ணுமே இல்ல. காலியா கிடக்கு. புதுசா போட்டுடவா?"

பாய்ந்து கையைப் பிடித்தேன். அவன்மேல் குற்றமில்லை. ஹெடர் இல்லாத பகிர்வு எந்த நிறுவியின் கண்ணுக்கும் வெற்று மனைதான். யாராவது வீடு கட்டினால் முதல் செங்கல் வைத்ததுமே என் தரவின் தலைப்பகுதி போயிருக்கும்.

அலுவலக மேசையறையில் ஹெடரின் நகல் ஒன்று இருந்தது. போய் எடுத்து வந்தேன். லக்ஸைத் திறக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்புக்கு ஹெடர் எங்கே என்று சொல்லாமல் திறந்தால் 'இது லக்ஸ் சாதனமே இல்லை' என்று மறுக்கும். பயப்பட வேண்டியதில்லை, அது சொல்வது உண்மைதான். ஹெடரைக் காட்டித் திறந்தேன். இப்போது வேறு பதில்: இந்தக் கடவுச்சொல்லுக்குச் சாவி இல்லை. மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் அதே. ஹெடரின் விவரங்களைக் காட்டும் லக்ஸ்டம்ப் எடுத்துப் பார்த்தால் ஹெடரில் பழுதில்லை. மனைவி வாசலில் நின்று, "வரீங்களா இல்லையா?" என்கிறாள்.

மலைக்குப் போகிற வழியில், கூட்டத்துக்கு நடுவில்தான் மூளைக்கு எட்டியது. போன வருடம் கடவுச்சொல்லை மாற்றினேன். மாறியது பென்டிரைவில் இருந்த ஹெடர் மட்டும். மேசையறை நகலுக்கு அந்தச் சேதியே தெரியாது. இரவு வீடு திரும்பிப் பழைய கடவுச்சொல்லைப் போட்டேன், ஒரே தட்டில் திறந்தது. சந்தோஷம் அடங்கிய பிறகுதான் கவலை வந்தது. பழைய கடவுச்சொல் யாருக்கோ தெரிந்துவிட்டதென்று நான் மாற்றியிருந்தால்? மூலச் சாவி ஒன்றேதான், கடவுச்சொல்லை மாற்றுவதால் அது மாறுவதில்லை. பழைய நகல் இருக்கும்வரை பழைய கடவுச்சொல்லுக்கும் உயிர் உண்டு.

அதோடு முடியவில்லை. புதுப் பென்டிரைவை ஃபேட்டில் வடிவமைத்து, ஹெடரை நகலெடுத்து, சிஹெச்ரூட் வழியாக வட்டில் இருக்கும் ஆர்ச்சுக்குள் போய்க் கர்னலையும் பூட் லோடரையும் போட்டு, கிரிப்ட்டேப்பில் பென்டிரைவின் புது அடையாள எண்ணை எழுதி, ரீபூட் செய்தால் மறுபடியும் அந்த ஒன்றரை நிமிட எண்ணிக்கை. கிரிப்ட்டேப் கோப்பின் ஒரு படி இனிட்ராம்எஃப்எஸுக்குள் உறைந்து கிடக்கிறது. வெளியே திருத்தியதும் அந்தத் தொகுப்பை உருவாக்கும் எம்கேஇனிட்சிபியோவை மறுபடி ஓட்டியிருக்க வேண்டும். நானோ கர்னலை முதலில் போட்டு, கோப்பைப் பிறகு திருத்தியிருக்கிறேன். வடிவமைக்கும்போதே செத்துப்போன பென்டிரைவின் எண்ணைப் புதியதுக்கும் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, வடிவமைக்கும் கட்டளையான எம்கேஎஃப்எஸ் ஃபேட்டில் அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. இப்போது என்னிடம் ஒரே எண்ணோடு இரண்டு பென்டிரைவ்கள். இரண்டையும் சேர்த்துச் செருகக் கூடாது என்று மேலே நாடா ஒட்டி எழுதியிருக்கிறேன்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஹெடர் எங்கிருந்தாலும் குறியாக்கம் ஒன்றுதான். மனைவியின் மடிக்கணினிக்கு ஹெடரை வட்டிலேயே விட்டு சாதாரண லக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மட்டும் ஏன் பென்டிரைவ் இல்லை என்று கேட்டாள். அவள் சாவிக்கொத்து மாதம் ஒருமுறை தொலைவதை நான் சொல்லவில்லை.

மேசையறை நகலைப் புதுப்பித்துவிட்டேன். ஈப்போவில் அம்மாவின் இரும்பு அலமாரியில் இன்னொன்று இருக்கிறது, அது இன்னமும் பழைய கடவுச்சொல்லுக்குத்தான் திறக்கும். போன தீபாவளிக்கே மாற்றியிருக்க வேண்டும். முறுக்கு டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.