இரண்டு அண்டா வைக்கத் தெரிந்த பிரேயாணிக்காரர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கலியாணமோ, பதினாறாம் நாளோ, புதுவீடு குடிபோவதோ, எதுவானாலும் சாப்பாடு பிரேயாணிதான். (இங்கே உச்சரிப்பு அப்படித்தான். 'பிரியாணி' என்று சொன்னால் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) சாட்ஸ்வொர்த்தில் விறகடுப்பில் சமைத்துக் கொடுக்கும் ஒரு குழு, பல மதத்தாரும் உட்காரும் பந்திக்கென்றே தனி ஏற்பாடு செய்து தருகிறது. அந்தச் சேவையைப் பற்றியது இது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை. வேறு யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்.

1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. ஒரே தெருவில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வீடு, அடுத்தது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் வீடு, எதிரே முஸ்லிம் வீடு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் காவடி எடுப்பார், தங்கை ஞானஸ்நானம் எடுத்திருப்பார். பந்தியில் மனஸ்தாபம் உப்பு காரத்தால் வருவதில்லை. "இது படைச்சதா, படைக்காததா?" என்ற ஒரே கேள்வியில் வருகிறது.

இந்தக் குழு ஆர்டர் எடுக்கும்போதே ஐந்து விஷயம் கேட்கிறது: மொத்தம் எத்தனை தலை, அதில் சைவம் எத்தனை, வெங்காயம் பூண்டு ஆகாதவர்கள் உண்டா, ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், பூசை உண்டா, எத்தனை மணிக்கு. முதல் நாலை எல்லாரும் கேட்பார்கள். ஐந்தாவதைக் கேட்பதுதான் இவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

படையலுக்கு வைத்த சோற்றைக் கிறிஸ்தவ உறவினர்கள் பலர் தொடமாட்டார்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 ஆகிய இரண்டு அதிகாரங்களில் பேசுகிறார். முஸ்லிம் விருந்தாளிக்கும் அல்லாஹ் அல்லாத ஒன்றின் பெயர் சொல்லப்பட்டது ஆகாது. குர்ஆனில் 2:173, 5:3 இரண்டிலும் அது இருக்கிறது. வீட்டுக்காரருக்கோ சாமிக்கு வைக்காமல் முதல் கரண்டியை மனுஷனுக்குப் போட்டால் அது எச்சில். பல சமையல்காரர்கள் செய்வது என்னவென்றால், பூசைக்கு முன்னாலேயே ஒரு பாத்திரம் எடுத்து ஒதுக்கிவைத்துவிடுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது சரி, வீட்டுப் பெரியவர்களுக்கு அது அவமானம். படையலுக்கு முன்னாலேயே அண்டாவில் கரண்டி விழுந்துவிட்டதே என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டு அண்டா வைக்கிறார்கள். ஒன்றிலிருந்து வாழையிலையில் எடுத்துப் படைக்கிறார்கள். மற்றது பூசை நடக்கும் இடத்துக்கே போவதில்லை. வண்டியிலேயே மூடி போட்டு நிற்கிறது. படையல் முடிந்த பிறகுதான் இரண்டையும் திறக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் எந்த விதியும் மீறப்படவில்லை, யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதுமில்லை. இரண்டாவது அண்டாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நூறு பேருக்குக் குறைந்த பந்திக்கு அது கொஞ்சம் கனமாகத்தான் தெரியும். ஆனாலும் கொடுக்கலாம்.

சமையலில் இவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ ஆட்டிறைச்சி, இரண்டரைக் கிலோ முழு மசூர் பருப்பு, ஐந்து கிலோ உருளைக்கிழங்கு. பருப்பைத் தனியே வேகவைத்து, உடைவதற்கு முன்னால் வடித்துவிடுகிறார்கள். அது குழைந்தால் கறுப்புத் தண்ணீர் விட்டு அரிசி முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும். கறி அண்டா ஒரு மணி நேரத்துக்கு மேல் தம்மில் இருக்கிறது, சைவ அண்டா அரை மணிக்குள் இறங்குகிறது. பல இடங்களில் இரண்டையும் ஒரே நேரம் ஏற்றி ஒரே நேரம் இறக்குவார்கள். கறி தானே தண்ணீர் விடும். காரட்டும் பீன்ஸும் அவ்வளவு விடாது. அதனால்தான் சைவ பிரேயாணி மேலே வறண்டும் அடியில் பிடித்தும் வருகிறது. இவர்கள் புளித்த பாலும் நெய்யும் கூட்டி, சோயாத் துண்டுகளை ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து போடுகிறார்கள். சைவம் நாற்பது பேர் என்றால் ஐம்பது பேருக்குச் சமைக்கச் சொல்லுங்கள். கறி சாப்பிடுகிறவர்களும் அந்தப் பக்கம் ஒரு கரண்டி வாங்குவார்கள், கடைசியில் வரும் விரதக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது.

புரட்டாசியில் இது இன்னும் முக்கியம். செப்டம்பர் 24 மரபுரிமை நாள் அந்த மாதத்துக்குள்ளேதான் விழுகிறது; ஊரே பிராய் (தணலில் கறி சுடுவது) போடும், நம்மில் பாதிப்பேர் பருப்பு ரொட்டியோடு நிற்போம்.

சரி, குறைக்கு வருவோம். அடுப்படியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு பரிமாறுகிறவர்களுக்கு இல்லை. 'படைச்சது வேண்டாம்' என்று தள்ளுகிற அக்காவிடம், "பவுலே கடையில விக்கிறதைக் கேள்வி கேக்காம சாப்பிடச் சொல்லியிருக்காரே" என்று வேதம் ஓதுவது பரிமாறுகிறவர் வேலையில்லை. அது 1 கொரிந்தியர் 10:25. மூன்று வசனம் தள்ளி, இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதீர்கள் என்று அதே பவுல் சொல்கிறார். முஸ்லிம் விருந்தாளியிடம் குர்ஆன் 5:5ஐக் காட்டி வேதக்காரர் உணவு ஆகும்தானே என்பதும் இதே கதைதான். அது யூதர், கிறிஸ்தவர் உணவைப் பற்றிய வசனம், நம் வீட்டுப் படையலுக்குப் பொருந்தாது. அடுத்தவர் நூலில் பாதி வரியைப் படித்துவிட்டு அவருக்கே அர்த்தம் சொல்வதைப் போல அவமரியாதை வேறில்லை.

நம்மவர்களுக்குள்ளேயும் இது நடக்கிறது. திருக்குறளில் 26ஆம் அதிகாரமே புலால் மறுத்தல் என்று ஒருவர் தொடங்குவார். கண்ணப்பர் காளத்தியப்பருக்குப் பன்றி இறைச்சி படைத்ததைச் சேக்கிழார் பாடவில்லையா என்று மற்றவர் பதில் கொடுப்பார். அம்மனுக்குக் கிடா வெட்டும் குடும்பமும் உயிர்ப்பலி ஆகாது என்று நிறுத்திவிட்ட குடும்பமும் ஒரே மேசையில் இருக்கும். இரண்டுமே நம் மரபுக்குள் இருப்பவைதான். கரண்டி பிடித்திருப்பவர் அதில் நடுவர் ஆகக் கூடாது. "இந்தப் பாத்திரம் படைச்சது, அந்தப் பாத்திரம் படைக்காதது, இது சைவம்" என்று மூன்று வாக்கியம் போதும்.

ஹலால் விஷயத்திலும் வார்த்தை கவனம் வேண்டும். இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்பது வேறு. சமையலறைக்கே சான்று இருப்பது வேறு. இங்கே சான்ஹா (தென்னாப்பிரிக்க தேசிய ஹலால் ஆணையம்) முத்திரையைப் பலருக்கும் தெரியும், அது யார் பெயருக்கு, எந்தத் தேதிவரை என்று காகிதத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தக் குழு முதல் வகை, அதை மறைக்காமல் சொல்லியும்விடுகிறார்கள். கண்டிப்பான முஸ்லிம் விருந்தாளிகள் நிறைய வருவதானால் சான்று உள்ள இடத்திலிருந்து தனிப் பெட்டி வரவழைப்பதே மேல். ஓதி அறுத்தது தங்களுக்கு ஆகாது என்று சொல்லும் இந்துக்களும் சிலர் உண்டு. அவர்களைச் சைவக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்டால் பெருங்காயம், இஞ்சி கூட்டிச் சின்ன பாத்திரத்தில் தனியாகச் செய்கிறார்கள், ருசி சுமார்தான். 1985இல் சாட்ஸ்வொர்த்தில் திறந்த ஹரே கிருஷ்ணா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதுவும் போதாது. கிருஷ்ணருக்கு நிவேதனம் ஆகாததை அவர்களில் தீட்சை பெற்றவர்கள் சாப்பிடமாட்டார்கள்.

யாருக்கும் தெரியாமல் விதி உடைவது இனிப்பில்தான். டிரைஃபிளில் ஊற்றும் ஜெல்லியில் இருக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். சைவம் சாப்பிடுகிறவருக்கு ஆகாது, ஹலால் என்று உறுதியில்லாவிட்டால் முஸ்லிமுக்கும் ஆகாது. கடற்பாசி ஜெல்லி கேளுங்கள், இல்லையென்றால் சொஜ்ஜி போதும். சைவக் குழம்பில் கோழி சூப் கட்டி, சாலட்டில் நெத்திலி சேர்ந்த வூஸ்டர் சாஸ், கோழி பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு: மூன்றையும் ஆர்டர் கொடுக்கும்போதே பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். இந்தக் குழு எண்ணெயைப் பிரித்துத்தான் வைக்கிறது. சூப் கட்டியைப் பற்றிக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

பரிமாறும் வரிசை நன்றாக இருக்கிறது. சைவம் முதலில், கறி கடைசியில். சொட்டினாலும் பின்னால்தான் சொட்டும். கரண்டிப் பிடிக்குப் பச்சை, சிவப்பு நாடா சுற்றியிருக்கிறார்கள். காரட் சாலட்டுக்கு மட்டும் நடுவில் ஒரே கரண்டி, எல்லாத் தட்டையும் தொட்டுவிட்டு வருகிறது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பந்தி முடிந்ததும் மிச்சத்தை வீட்டுக்குக் கட்டும்போது எல்லாவற்றையும் கோட்டை விடுகிறார்கள். காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் எந்த அண்டா என்று பார்க்காமல் அள்ளிப் போடுகிறார்கள். படையல் சோறு சபை வீட்டுக்கும், கறி விரத வீட்டுக்கும் போய்ச் சேருகிறது, மறுநாள் காலையில் போன் வருகிறது. ஒரு மார்க்கர் பேனாவும் டப்பாக்களையும் நீங்களே வாங்கிவைத்து, மூடியில் ப, சை, க என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.