நாயின் தீனியை மாற்ற நான்கு வழிகள்: எந்த நாய்க்கு எது?

புதுக் கிபிள் (உலர்ந்த உருண்டைத் தீனி) பாக்கெட்டைப் பிரித்த மறுநாளே கழிச்சல் வந்தால் "இந்தப் பிராண்டு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வேறொன்றை வாங்கக் கிளம்புகிறோம். பெரும்பாலும் பிராண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றிய வேகமும் கிண்ணத்தில் போட்ட அளவும்தான் காரணமாக இருக்கும். நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தினமும் வருகிற உணவுக்குப் பழகியவை. கொழுப்போ நாரோ திடீரென்று கூடினால், செரிக்காத மிச்சம் பெருங்குடலில் புளித்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கோலாலம்பூர் வீடுகளில் நான்கு விதமாக மாற்றுகிறார்கள்: பழையதில் புதியதைக் கலந்து, வேளை பிரித்து, நடுவில் சோறும் கோழியும் கொடுத்து, அல்லது ஒரே நாளில்.

கிபிளிலிருந்து இன்னொரு கிபிளுக்குப் போகிறவர்களுக்குக் கலந்து மாற்றுவதை மிஞ்சிய வழி கிடையாது. முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். வயதான நாய்க்கும் அடிக்கடி வயிறு கெடுகிற நாய்க்கும் ஒவ்வொரு படியையும் இரட்டிப்பாக்குங்கள். மலம் கூழானால் முந்தைய படிக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்று, கெட்டியான பிறகு ஏறுங்கள்.

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் கப் அளவு. 100 கிராமுக்கு 340 கிலோகலோரி உள்ள கிபிளும் உண்டு, 420 உள்ளதும் உண்டு. அதே கப்பில் அளந்தால் தெரியாமலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதிகம் தின்றதால் வருகிற கழிச்சலுக்குத் தீனியின் தரத்தைத் திட்டுவோம். கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கிலோகலோரி போதும். 370 கிலோகலோரி கிபிளில் அது 170 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

டின் உணவுக்கு மாறும்போது இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 100 கிலோகலோரி என்று வைத்தால், அதே நாய்க்கு 630 கிராம் வேண்டும். முதல் மூன்று நாளும் தினம் 128 கிராம் கிபிளோடு 157 கிராம் டின் உணவு. எடுத்த கிபிளின் எடைக்குச் சமமாக டின் உணவைப் போட்டால் நாய் பட்டினி கிடந்து, வாசல் குப்பைப் பையைக் கிழிக்கும். பிறகு வருகிற கழிச்சலுக்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட் ஷாப்பில் பெரிய மூட்டையிலிருந்து பிரித்து, வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் கிபிளை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம். மலிவுதான். ஆனால் கலோரியும் தெரியாது, காலாவதி தேதியும் தெரியாது. நம் ஊர் ஈரத்தில் திறந்த பையின் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், பூஞ்சையும் வரும். அசல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடிகிற அளவே வாங்குங்கள்.

வேளை பிரித்து மாற்றுவது என்றால் காலையில் பழையது, மாலையில் புதியது. பொறுக்கித் தின்கிற நாய்க்கு இது தோதாகத் தோன்றும். கலந்து வைத்தால் சில நாய்கள் ருசியானதை மட்டும் தின்றுவிட்டு மற்றதைத் தரையில் உருட்டிவிடும். நீங்கள் கால் பங்கு என்று நினைத்தது அப்போது கால் பங்காக இருக்காது. ஆனால் வேளை பிரித்தால் முதல் நாளே பாதி மாறிவிடுகிறது, மென்மையான வயிறு தாங்காது. அதற்குப் பதிலாக இரண்டு கிபிளையும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிசையுங்கள், பொறுக்க முடியாது. ஊறிய தீனியும் டின் உணவும் இந்த வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடக்கக் கூடாது. திறந்த டின்னை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சோறு–கோழி வழிதான் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவது. தோல் நீக்கி அவித்த கோழி ஒரு பங்கு, வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வயிறு ஏற்கெனவே கெட்டிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு இது நல்ல மருந்து. ஆரோக்கியமான நாய்க்கு இடைநிலை உணவாகக் கொடுப்பது எங்கள் பார்வையில் வீண் வேலை: ஒரு மாற்றம் இரண்டாகிறது, கோழியின் ருசி கண்ட நாய் கிபிளைத் திரும்பியும் பார்க்காது. அப்படியே மாதக்கணக்கில் சோறும் கோழியுமாக ஓடினால் கால்சியம் பற்றாது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாமே குறையும். 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டில் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்றால், கால்நடை மருத்துவர் அந்த நாய்க்கென்றே எழுதித் தருகிற குறிப்பு வேண்டும்.

இந்த வழி உண்மையில் கைகொடுப்பது தத்தெடுத்த தெருநாய்க்கு, அல்லது பல வருடமாகச் சோறும் குழம்பும் தின்ற நாய்க்கு. குழம்பை அன்றே நிறுத்துங்கள், இதற்கு மட்டும் படிப்படி வேண்டாம். சமைத்த வெங்காயமும் பூண்டும்கூடச் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும். சமைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறும் அவித்த கோழியும் பழைய உணவின் இடத்தில் நிற்கட்டும். அதிலிருந்து பத்து நாள் கணக்கில் கிபிளுக்குப் போங்கள்.

ஒரே நாளில் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சிலவே: பழைய தீனியில் பூஞ்சை, தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றது, மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னது. அப்போது முதல் நாள் வழக்கமான அளவில் முக்கால் பங்கை நான்கு சிறு வேளையாகக் கொடுங்கள். கொழுப்பு அதிகமான தீனிக்கு இந்த வழியில் போகவே கூடாது. கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. பச்சை இறைச்சியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உறையவைத்தாலும் சால்மோனெல்லா சாகாது, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் அது நாயோடு நிற்காது.

எந்த வழியானாலும் தொடங்கும் வாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிப் பட்டாசு, வீடு மாறுதல், பூச்சி மருந்து, தடுப்பூசி இவற்றோடு சேர்க்காதீர்கள்; பயத்தாலேயே நாய்க்குக் கழியும். விருந்தாளிகள் கொடுக்கும் முறுக்கும் கணக்கைக் குழப்பும். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க மருத்துவர் எட்டு வாரச் சோதனை உணவு கொடுத்திருந்தால், மாதாமாதம் இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிச் சுவை மாத்திரைகூட அதைக் கெடுத்துவிடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், இதயப்புழுவைப் பரப்பும் நம் ஊர்க் கொசுக்கள் விடாது. சுவை சேர்க்காத மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, தண்ணீர் குடிக்க மறுப்பு, எழாமல் படுத்துக் கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் படி இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்குக் கழிச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தீனியைக் காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் ஆரம்பத்தில் அப்படியேதான் இருக்கும்.