பிளாஸ்டிக் பீலியும் இறவாரப் பலகையும்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

இறவாரத்தில், அதாவது கூரை விளிம்பில், இருந்த மரப்பலகையையும் மழைநீரை ஏந்தும் துருவேறிய தகரப் பீலியையும் கழற்றிவிட்டு யு.பி.வி.சி. என்னும் கடினப் பிளாஸ்டிக்குக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏணி வைத்து வண்ணம் பூசும் வேலை அடியோடு ஒழிந்தது. கறையான் இல்லை, துரு இல்லை. பொருளைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி.

வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பையும் தடிமனையும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பீலித் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புகளை. யு.பி.வி.சி. வெயிலில் நன்றாகவே நீளும்: ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.06 மி.மீ. அற்பமாகத் தோன்றும். ஆனால் 4 மீட்டர் துண்டில் 40 டிகிரி வேறுபாடு என்றால் கிட்டத்தட்ட 1 செ.மீ. வந்துவிடும். அது நகர இடம் வேண்டும். அதற்காகவே நல்ல இணைப்புகளின் உட்புறத்தில், எதுவரை செருகலாம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டைத் தாண்டி முட்டச் செருகினால் பீலி வெயிலில் நெளியும். கோட்டுக்கு எட்டாமல் விட்டால், குளிரில் சுருங்கி ரப்பர் பட்டையிலிருந்து விலகி ஒழுகும்.

எங்கள் வீட்டில் ஒட்டிய இணைப்பு, செருகிய இணைப்பு இரண்டையும் பார்த்தாயிற்று. பின்பக்கம் வேலை செய்தவர் எல்லா இணைப்புகளையும் பசையிட்டு இறுக ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த கோடையிலேயே ஒன்று பிளந்தது. முன்பக்கம் ரப்பர் பட்டையோடு செருகியவை இன்றுவரை ஒரு சொட்டுகூட விடவில்லை. பொருள் ஒன்றேதான்!

நிறத்தில் வெள்ளைக்கே என் ஓட்டு. அடர் நிறங்கள் வெப்பத்தை அதிகம் வாங்கி அதிகம் நீளும். வெள்ளையில் பாசி தெரியும்தான். சோப்புத் தண்ணீர் போதும்.

பலகையில் இரண்டு வகை உண்டு. பழைய மரத்தின் மேல் போர்த்தும் மெல்லிய பலகை ஏறத்தாழ 9 மி.மீ.; மரத்தை நீக்கிவிட்டுப் பொருத்துவது 16 முதல் 18 மி.மீ. மரம் சிறிதளவு உளுத்திருந்தாலும் போர்த்த வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டு, ஆணி பிடிக்கும் இடமே பொடிந்துவிடும். இறவாரத்தின் அடிப்பக்கத்தை மூடும் பலகையில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவை இல்லாவிட்டால் கூரைக்குள் ஈரம் தங்கும்.

பீலியைப் பிடிக்கும் தாங்கிகளுக்கு இடையே 1 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். 6 மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு போதும். நீரைக் கீழே இறக்கும் குழாயை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தால், பீலியின் ஒவ்வொரு பாதியும் பாதி நீரைச் சுமந்தால் போதும்.

சில இணைப்புகளையும் தாங்கிகளையும் அப்போதே கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் வேறு நிறுவனத்தின் இணைப்பின் வளைவு பெரும்பாலும் உங்கள் பீலியில் உட்காராது.