புளோரிடா ரெசிடென்ட் சலுகையில் குரூஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆர்லாண்டோ, தாம்பா பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு டிராவல் ஏஜென்ட் இருக்கிறார். பஹாமாஸ் குரூஸ், புளோரிடா ரெசிடென்ட் ஸ்பெஷல், கடைசி நேர ஆஃபர் என்று வாரம் தவறாமல் விளம்பரம் போடுவார். அவர் மீது நாங்கள் கொடுத்த புகார் இன்னும் முடியாததால் அவர் பெயரையோ கப்பல் கம்பெனியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் அவரிடம் முன்பதிவு செய்திருப்பவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பவர்கள், துறைமுகத்துக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் இந்தச் சலுகை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மயாமி, போர்ட் எவர்கிளேட்ஸ், போர்ட் கனாவெரல், தாம்பா, ஜாக்சன்வில் என்று புளோரிடாவில் பல துறைமுகங்களிலிருந்து குரூஸ் கப்பல்கள் கிளம்புகின்றன. ஓர் அறை காலியாகப் போனால் அந்த அறையால் கம்பெனிக்குப் பைசா வரவு இல்லை. விமான டிக்கெட் தேடாமல், திடீரென்று காரை எடுத்துக்கொண்டு வரக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு குறைந்த கட்டணம் வைக்கிறார்கள். பெரும்பாலும் அறைக்கு ஒருவர் புளோரிடாவில் வசிப்பவராக இருந்தால் போதும், கூட வருபவர் எந்த ஊராகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒருவர் செக்-இன் செய்யும்போது வசிப்பிடத்தை நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் சாதாரணக் கட்டணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கேயே வாங்குவார்கள், அல்லது ஏற்ற மாட்டார்கள். பணம் கட்டும்போது யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. எல்லாம் கவுண்டரில்தான்.

தஞ்சாவூரிலிருந்து மாமாவும் அத்தையும், அதாவது என் கணவரின் அப்பா அம்மா, வந்திருந்தார்கள். நாங்கள் நான்கு பேர், இரண்டு அறை. மாமாவும் அத்தையும் ஓர் அறை, நாங்கள் இருவரும் ஓர் அறை என்றால் பெரியவர்கள் அறைக்குச் சலுகை கிடைக்காது, அங்கே புளோரிடாக்காரர் யாரும் இல்லை. ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். "பேப்பர்ல சாரையும் அப்பாவையும் ஒரு ரூம்ல போடுறேன், உங்களையும் அத்தையையும் இன்னொரு ரூம்ல போடுறேன் சிஸ்டர். உள்ள போனப்புறம் நீங்க எப்படி வேணா தங்கிக்கலாம்." இது ஊரறிந்த வழிதான், பலரும் இப்படித்தான் போகிறார்கள். ஆனால் இதன் பொருள் என்னவென்றால், இரண்டாவது அறையின் சலுகை முழுவதும் புளோரிடா விலாசமுள்ள என் ஒருத்தியின் டிரைவிங் லைசென்ஸில் தொங்குகிறது. அதை அவர் சொல்லவில்லை.

திங்கள்கிழமை கப்பல். சனிக்கிழமை மாலை இந்தியக் கடையில் தள்ளுவண்டியில் இருந்த என் கைப்பையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லைசென்ஸ், இரண்டு கிரெடிட் கார்டு, இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாம் போச்சு. நல்லவேளை, பாஸ்போர்ட்டுகள் வீட்டில் இருந்தன. போலீஸில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொண்டோம். புளோரிடாவில் லைசென்ஸ் திருடுபோனதற்கு போலீஸ் புகார் இருந்தால் மாற்று லைசென்ஸுக்குக் கட்டணம் கிடையாது. தொலைந்தது என்றால்தான் 25 டாலரும், டேக்ஸ் கலெக்டர் ஆபீஸில் (இங்கே லைசென்ஸும் கொடுக்கும் உள்ளூர் அலுவலகம்) எடுத்தால் அதற்கு மேல் 6.25 டாலர் சேவைக் கட்டணமும். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, பிறகு அந்த ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்றிரவு ஏஜென்டைக் கூப்பிட்டதும் ஒரு லிங்க் அனுப்பினார். "இதுல போட்டா உடனே டெம்பரரி லைசென்ஸ் ஈமெயில்ல வந்துடும் சிஸ்டர், நிறையப் பேருக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன்." பக்கம் பார்ப்பதற்கு அரசாங்கப் பக்கம் மாதிரியே இருந்தது. புளோரிடா வரைபடம், நீலப் பட்டை, படிவம், எல்லாம் உண்டு. பணம் கட்டியதும் வந்தது ஒரு பிடிஎஃப். லைசென்ஸ் எங்கே போய் எடுப்பது, என்னென்ன கொண்டுபோவது என்று விளக்கும் வழிகாட்டி! அரசாங்கம் இலவசமாகச் சொல்லும் தகவலை விலைக்கு விற்கிறார்கள்.

இது புதிய வித்தை இல்லை. இதே மாதிரி லைசென்ஸ் புதுப்பித்துத் தருவதாகக் காட்டிக்கொண்டு பிடிஎஃப் விற்ற, தெற்கு புளோரிடாவிலிருந்து இயங்கிய ஒரு கூட்டத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2019 டிசம்பரில் வழக்குப் போட்டது. அதில் ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கொடுக்கும் நிலை வந்தது, தொகை 10 கோடி டாலருக்கு மேல். ஆனாலும் தேடினால் இன்றைக்கும் மேலே வருவது விளம்பரம்தான். லைசென்ஸ் கொடுக்கும் புளோரிடா அரசுத் துறையின் தளம் என்றால் முகவரியின் கடைசியில் டாட் ஜிஓவி இருக்கும். அதைப் பார்க்காமல் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள். இன்னொன்று, எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்கள் குடும்பத்தாருக்கான விசா) என்று விசாவில் இருக்கும் நமக்கு லைசென்ஸ் வேலை நேரில்தான். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) எல்லாம் கொண்டுபோக வேண்டும். சேவ் என்கிற குடியேற்றச் சரிபார்ப்பில் பெயர் மாட்டிக்கொண்டால் அன்றைக்கே கையில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. எனவே ஈமெயிலில் லைசென்ஸ் வரும் என்று யார் சொன்னாலும் பொய். பல வருடமாக நம் ஆட்களுக்கே டிக்கெட் விற்கிறவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன். திங்கள் காலை டேக்ஸ் கலெக்டர் ஆபீஸ் திறந்ததும் போய்ப் பார்க்கிறோம், கிடைக்காவிட்டால் என்ன செய்வது, கப்பல் கம்பெனியிடம் முன்கூட்டியே பேசலாமா என்று. அவர் அதெல்லாம் வேண்டாம் என்றார். கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய லைசென்ஸின் போட்டோ, போலீஸ் புகார் எண் இவை போதும், தானே கம்பெனியிடம் பேசி புக்கிங்கில் குறிப்புப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். இந்தக் குறிப்புக்கு 75 டாலர் சேவைக் கட்டணம் கேட்டார், அதையும் ஜெல்லில் (Zelle, பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். "ரிலாக்ஸா போங்க, காலைல ஆபீஸ் வாசல்ல நின்னு கப்பலைக் கோட்டை விட்டுடாதீங்க" என்று அக்கறை வேறு.

போர்ட் கனாவெரலில் என் கணவர் அறைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லைசென்ஸைப் பார்த்தார்கள், அட்டையைக் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் நான் நீட்டிய ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். லைசென்ஸின் போட்டோ செல்லாது, அட்டை வேண்டும். போலீஸ் புகார், திருட்டுக்குச் சாட்சி, வீட்டுக்குச் சாட்சி இல்லை. பாஸ்போர்ட்டில் முகம் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி சாலை விலாசம்! அப்புறம் கரண்ட் பில்.

இந்தக் கரண்ட் பில் விஷயத்தை எச்-4இல் இருக்கும் பெண்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், கார் லோன் எல்லாம் என் கணவர் பெயரில். வீட்டு லீஸில் நான் கூடத் தங்குபவர் என்று ஒரு வரி. பேங்க் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தாலும் ஸ்டேட்மென்ட் தலைப்பில் முதல் பெயர் மட்டும்தான் அச்சாகியிருந்தது. நான்கு வருடமாக அந்த மாநிலத்தில் சமைத்துச் சாப்பிட்டு வரி கட்டி வாழ்கிறேன், ஆனால் என் பெயரும் அந்த முகவரியும் சேர்ந்து இருந்த ஒரே பொருள் அந்த லைசென்ஸ்தான். டேக்ஸ் கலெக்டர் ஆபீஸில் இதற்கு வழி இருக்கிறது, கூட வசிப்பவர் தன் ஆவணங்களைக் காட்டி விலாசத்துக்கு உறுதி கொடுக்கும் படிவம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கப்பல் கவுண்டரில் கணவர் பக்கத்திலேயே நின்று, லைசென்ஸைக் காட்டி, இவள் என் மனைவி என்று சொன்னாலும் அவர் வேறு அறையின் பயணி. அங்கே அவர் சொல்லுக்கு மதிப்பு இல்லை.

ஏஜென்ட் போட்டதாகச் சொன்ன குறிப்பைப் பற்றிக் கேட்டேன். சூப்பர்வைசர் வந்து திரையைப் பார்த்தார். அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்றார். திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். ஏஜென்டைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

வாதாடவும் நேரம் கிடையாது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் தன் பயணிகளின் இறுதிப் பட்டியலைக் கிளம்புவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே சுங்கத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, "என்னால தானேம்மா இந்தத் தொந்தரவு, நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறார். ஆளுக்கு 140 டாலர் வீதம் எனக்கும் அத்தைக்கும் சேர்த்து 280 டாலர் கட்டினோம். ரசீதில் கட்டணத் திருத்தம் என்று ஒரு வரி. கவுண்டர் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. விதியில் இருப்பதைச் செய்தாள், மரியாதையாகவும் செய்தாள். அந்த விதி, அரசாங்கம் கொடுத்த புளோரிடா விலாசமுள்ள போட்டோ அடையாள அட்டை வேண்டும் என்கிற அந்த ஒரே வரி, ஏஜென்டுக்கு வந்த கன்ஃபர்மேஷனில் இருந்திருக்கிறது. எங்களுக்கு அவர் அனுப்பியது அதன் சுருக்கம், அவரே டைப் செய்தது, அந்த வரி இல்லாமல்.

திரும்பி வந்ததும் கம்பெனிக்கு எழுதினேன். ஏஜென்ட் வழியாக எடுத்த புக்கிங், அவரிடமே பேசுங்கள் என்றார்கள். வெளியிலிருந்து எடுக்கும் எல்லா டிக்கெட்டுக்கும் இதே பதில்தான் வரும், அந்தப் புக்கிங் அவர் கையில் இருப்பதாகக் கணக்கு. அவரிடம் பேசினால், "நான் கேரண்டி ஒண்ணும் கொடுக்கலையே சிஸ்டர்" என்றார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார்.

பிடிஎஃப் விற்ற தளத்துக்குக் கார்டில் கட்டியிருந்ததால் கார்டு கம்பெனியில் தகராறு பதிவு செய்தோம், அந்தப் பணம் திரும்பி வந்தது. இதற்கு, அந்தச் செலவு வந்த முதல் பில்லிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஜெல்லில் போன 75 டாலர் போனதுதான். நாமே அனுப்பிய பணம் என்பதால் பேங்க் கையை விரித்துவிட்டது. சேவைக் கட்டணத்தை மட்டும் கார்டில் வாங்காமல் ஜெல்லில் கேட்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

இதெல்லாம் தோண்டும்போதுதான் முக்கியமான ஒன்று தெரிந்தது. புளோரிடாவில் பயணம் விற்பவர்கள் மாநில விவசாய, நுகர்வோர் சேவைத் துறையில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், எஸ்டி என்று தொடங்கும் எண், விளம்பரத்திலும் இருக்க வேண்டும். சில வகையினருக்கு விலக்கு உண்டு. விவசாயத் துறைக்கும் கப்பல் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சிரித்தேன், ஆனால் அங்கேதான் புகாரும் கொடுக்க வேண்டும். எங்கள் ஏஜென்டின் எந்த விளம்பரத்திலும் அந்த எண் இல்லை. கேட்டபோது, பெரிய ஏஜென்சி ஒன்றின் கீழ் வேலை செய்வதாகச் சொன்னார், எந்த ஏஜென்சி என்று சொல்லவில்லை.

அவரிடம் விசா பற்றியும் யோசனை கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா முத்திரை காலாவதியான ஒரு நண்பரிடம், பஹாமாஸ்தானே, 30 நாளுக்குள் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று சொல்லியிருக்கிறார். முத்திரை காலாவதியானாலும் திரும்பி வர விடும் அந்த 30 நாள் சலுகை எச்-1பிக்குக் கனடா, மெக்ஸிகோ போய்வர மட்டும். கரீபியன் தீவுகளுக்கு அது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான். நண்பர் வேறு இடத்தில் கேட்டுத் தப்பித்தார். எங்களுக்குப் போனது 280 டாலர், அவர் நம்பியிருந்தால் திரும்பி உள்ளே வருவதே சிக்கலாகியிருக்கும்.

ரெசிடென்ட் கட்டணத்தில் எடுத்திருந்தால், கம்பெனி அனுப்பிய அசல் கன்ஃபர்மேஷனை ஏஜென்டிடமிருந்து அப்படியே கேட்டு வாங்குங்கள், டைப் செய்த சுருக்கம் வேண்டாம். லைசென்ஸ் தொலைந்தால் எந்த ஆவணம் ஏற்பீர்கள் என்று கம்பெனியிடமே ஈமெயிலில் கேளுங்கள். போனில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொள்வதில்லை. மனைவி பெயரிலும் ஒரு பில் வரும்படி செய்துகொள்ளுங்கள். லைசென்ஸ் தவிர மாநில அடையாள அட்டை ஒன்றும் சேர்த்து எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், புளோரிடாவில் இரண்டில் ஒன்றுதான்.

இதே ஏஜென்டிடம் சேவைக் கட்டணம் என்று ஜெல்லில் அனுப்பியவர்கள், அல்லது அவர் கொடுத்த லைசென்ஸ் லிங்க்கில் பணம் கட்டியவர்கள் இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். அடுத்த வாரம் எங்கள் புகாருக்குக் கூடுதல் ஆவணங்கள் கொடுக்கப் போகிறோம், உங்களுடையதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.